சங்கு ஊதாத நாட்கள்

கலையரசியிடம் கைக்கடிகாரம் கிடையாது. போன் உண்டு, ஆனால் அது அவள் கூட்டிப் பெருக்கும் பூங்காவின் கொட்டகையில் சாப்பாட்டுப் பையோடு ஆணியில் தொங்கும். வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பது மேஸ்திரி தேவதாஸ் போட்ட சட்டம். ஆறு மணிக்கு மேல் ஒரு துடைப்பமும் அசையக்கூடாது என்பது அவர் போட்ட இன்னொரு சட்டம். அசைந்தால் ஓவர்டைம் கேட்பார்களாம். மணியே தெரியாமல் ஆறு மணிக்கு எப்படி நிறுத்துவது என்று அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. கலையரசிக்கும் அந்தக் கவலை இல்லை. அவளுக்குத்தான் சங்கு ஊதுமே.

அவள் சிறுமியாக இருந்தபோது புதுச்சேரிக்கே மணி சொன்னது மில் சங்கு. மில்லை மூடினார்கள், சங்கும் போயிற்று. ஆனால் இந்தப் பூங்காவின் மூங்கில் புதரிலிருந்து, ஐப்பசி மழையில் தொடங்கிப் பங்குனி முடியும்வரை, பொழுது சாய்ந்தால் இரண்டு விசில் கேட்கும். ஏதோ ஒரு குருவி. பத்தொன்பது வருஷமாக அவள் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. அது ஊதியதும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வைத்திக்குப்பத்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ஆகும்தான்; மில் சங்கு மட்டும் என்ன ஒழுங்கா என்பாள். மற்ற மாதங்களில் மேஸ்திரியிடம் மணி கேட்பாள். அவரும் சலித்துக்கொண்டே சொல்வார்.

இந்தப் பங்குனியில் புருஷோத்தமன் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், கழுத்தில் பைனாகுலர். வடக்கே போகிற பறவைகள் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் நாலு மணிக்கு வருவார். பார்வையாளர்களை ஐந்தரைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால் முனகிக்கொண்டே போவார். ஒருநாள் கலையரசியிடம் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சை முதுகு, நீல இறக்கை, வாலடியில் சிவப்பு. ஆறுமணிக்குருவியாம். கோலப்பொடிக் கடையில் விழுந்து எழுந்த மாதிரி ஒரு குருவி இங்கே கிடையவே கிடையாது என்று அவள் அடித்துச் சொன்னாள். அவர் விடவில்லை. மூங்கிலடிச் சருகை மட்டும் கூட்டாமல் விடச் சொன்னார்.

கலையரசிக்குச் சுருக்கென்றது. அவள் கூட்டிய தரையில் விழ இலையே யோசிக்கும் என்று மேஸ்திரியே சொன்னதுண்டு. அவளிடம் வந்து குப்பையை விட்டுவை என்றால்? அன்றைக்கே மூங்கிலடியை மண் தெரியச் சுரண்டி எடுத்துவிட்டாள்.

மறுநாள் சங்கு ஊதவில்லை. மேஸ்திரியும் அந்த வாரம் சீக்கிரமே கிளம்பிவிட, மணி கேட்க ஆளில்லாமல் இருட்டும்வரை கூட்டிக்கொண்டே இருந்தாள். அதற்கு அடுத்த நாளும் ஊதவில்லை. விடியுமுன் கடலுக்குப் போகிற புருஷன் சுப்பராயன், ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்க வேண்டியவன், காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மூன்றாம் நாளும் ஊதாமல் போகவே, நாலாம் நாள் வெட்கத்தை விட்டு புருஷோத்தமனிடமே கேட்டாள்.

"சார், அந்த மூங்கில்ல ஒரு குருவி சங்கு ஊதும். மூணு நாளா ஊதல. இன்னா ஆச்சுன்னு தெரியல." உதட்டைக் குவித்து அதைப்போலவே இரண்டு விசில் அடித்தும் காட்டினாள்.

போஸ்ட் மாஸ்டர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதுதான்மா ஆறுமணிக்குருவி என்றார். சருகைப் புரட்டித்தான் அது புழு பூச்சி தின்னும். இமயமலைப் பக்கம்வரை பறக்க வேண்டியது. கிளம்பும் நேரத்தில்தான் அதிகம் தின்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சுரண்டி எடுத்த மூங்கிலடியைக் கலையரசி திரும்பிப் பார்த்தாள். ஊருக்குப் புறப்படுகிறவர்களின் சோற்றுப்பானையைக் கவிழ்த்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அன்றே உரக்குழியிலிருந்து மூன்று சாக்குச் சருகை இழுத்துவந்து, நெல் விதைப்பதுபோல மூங்கிலடியில் தூவினாள்.

இரண்டு நாள் ஆகியும் சங்கு ஊதவில்லை; அன்று சாயங்காலம் தேவதாஸ் அந்தச் சருகைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் பெரிய அதிகாரி வருகிறார். பூங்காவில் குப்பையை அள்ளுகிறவளே குப்பையைக் கொட்டியிருக்கிறாள் என்றால் அதிகாரி என்ன நினைப்பார்? குருவி கதை எதுவும் மேஸ்திரி காதில் ஏறவில்லை.

"ஆறு மணிக்குள்ள இத்தச் சுத்தமா அள்ளலன்னா, நாளையிலேர்ந்து உன் வேலைக்குச் சங்குதான், சொல்லிட்டேன்."

மறுகோடியிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு வருவதாக அவள் சொன்னாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய், அங்கிருந்து கூட்டத் தொடங்கினாள். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அவள் எதையும் செய்ததில்லை. அந்த வேலையில்தான் வீட்டு வாடகையும் அரிசியும் இருந்தன. தேவதாஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூங்கிலடியில் நின்றார். வெளியே நடைபாதையில், கம்பிவேலிக்குள் மூக்கை நுழைத்தபடி புருஷோத்தமன் நின்றார்.

கூட்டிக் கூட்டிக் கடைசியில் மூங்கிலடிக்கு வந்தேவிட்டாள். வேறு வழியில்லாமல் துடைப்பத்தைச் சருகின்மேல் வைத்தாள்.

மூங்கிலுக்குள்ளிருந்து இரண்டு விசில் வந்தது.

தேவதாஸின் அப்பா முப்பது வருஷம் மில்லில் இருந்தவர்; சங்கு ஊதினால் அவருக்கு டிபன் கேரியரில் சோறு கொண்டுபோனது மகன்தான். அந்தச் சத்தத்துக்கு மகனுடைய கை தானாகவே பக்கத்திலிருந்த டிபன் கேரியரை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாட்சைப் பார்த்தார். ஆறு அடித்து இரண்டு நிமிஷம்.

"மேஸ்திரி, ஆறாச்சு," என்றாள் கலையரசி. "இதுக்கு மேல தொடப்பம் அசஞ்சா ஓவர்டைமு."

தேவதாஸ் சருகைப் பார்த்தார், கையிலிருந்த கேரியரைப் பார்த்தார். அதிகாரியிடம் குருவிக்காக விட்டதென்று தானே சொல்லிக்கொள்வதாக முணுமுணுத்துவிட்டு நடந்தார்.

வேலிக்கு வெளியே புருஷோத்தமன் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே, கலையரசி, அதோ நிக்குது பாருங்க, வாங்க வாங்க என்று குழறினார். சருகுக்கு நடுவே ஏதோ பச்சையாக அசைந்தது.

கலையரசி கொட்டகையிலிருந்து பையை எடுத்துவந்து தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டூட்டி முடிஞ்சிட்டுது சார். அதுக்கும் முடிஞ்சிட்டுது, உத்துப் பாக்காதீங்க. நிம்மதியா சாப்ட்டு ஊருக்குப் போவட்டும்."