மலை என்றால் செருப்பைக் கழற்றுகிறவர்கள்

ஐப்பசி பிறந்தால் சென்னைக்காரர்களுக்குக் காடு ஞாபகம் வந்துவிடும். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, அதை அப்படியே விட்டுவிட்டு, இதைவிட அதிகமாகத் தண்ணீர் எங்கே கொட்டுகிறது என்று தேடிக்கொண்டு எங்கள் பக்கம் கிளம்பி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் திருத்தணி டீக்கடைகளில் அவர்களைப் பார்க்கலாம். முதுகில் பை, கையில் கோல், தலையில் தொப்பி. நகரிப் பக்கத்து மலைகளில் ஓடை ஓடுகிறதாம், குட்டை நிரம்பியிருக்கிறதாம். அதே மலைகளை நாங்கள் பிறந்ததிலிருந்து மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒருநாளும் போகத் தோன்றியதில்லை. எங்களுக்கு மலை என்றால் ஒரே மலை. அதில் படி இருக்கும், மேலே முருகன் இருப்பார். கீழே செருப்பை விட்டுவிட்டு ஏறுவோம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இந்த மலைக் காய்ச்சல் பிடித்தவர் பாவா, அதாவது அக்காவின் கணவர். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் வாரக் கடைசியில் நடந்தே ஆக வேண்டும் என்று ஏதோ ஒரு குழுவில் சேர்ந்துவிட்டார். மாமியார் வீட்டுக்கு வந்தாலும் ஷூவைப் பற்றித்தான் பேச்சு. அந்த ஷூ வழுக்காதாம், நனையாதாம், கணுக்காலைப் பிடித்துக்கொள்ளுமாம். "மனுசனைவிட உத்தமமா கீதே" என்பார் அம்மா.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஐப்பசியில், தீபாவளி முடிந்த வாரம், பாவாவின் இந்தக் காய்ச்சலை நைனா தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

நைனா என் அப்பா. முப்பது வருடமாக வேன் ஓட்டியவர். வாரநாட்களில் பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கிக் கட்டுகள், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம், மற்ற நாட்களில் திருப்பதி போகிற குடும்பங்கள். வயது அறுபத்து மூன்று, சர்க்கரை இருபது வருடம். அந்த ஆடி மாதம் கனகம்மாசத்திரத்தில் டீ குடிக்க ஓரம் கட்டும்போது, வேன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் டீக்கடை பெஞ்சைப் போய்த் தள்ளிவிட்டது. நல்லவேளையாக பெஞ்சில் யாரும் இல்லை. பிரேக் சரியில்லை என்றார் நைனா. மெக்கானிக் பாய் இரண்டு முறை பிரித்துப் பார்த்துவிட்டு, "பிரேக்கு சூப்பரா கீதுங்க நைனா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான். வேனை விற்றுவிட்டு வீட்டில் இரு என்பார் அம்மா. நானும் அம்மா பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் இல்லையா, வீட்டிலும் நடத்துவேன். சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான்தான். அவர் மெல்லிய நைலான் கம்பியால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். நைனா, அவர் தொடுவதற்கு முன்பே "ஆங், ஆங்" என்று பாஸ் ஆகிக்கொண்டிருந்தார். டாக்டர் சிரித்துவிட்டார், நானும் சிரித்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சர்க்கரைக்காரர்களுக்கென்றே இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி எழுதிக்கொடுத்து, வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும் என்றார்.

தீபாவளிக்கு வந்திருந்த பாவாவைப் பார்த்து நைனா ஒரு சவால் விட்டார்.

"மாப்ள, உங்க மலைக்கு எங்களையும் இட்டுகினு போங்க. நான் வழியில ஒரு எடத்துலயும் குந்தாம ஏறிக் காட்டறேன். ஏறிட்டேன்னா, வேனைப் பத்தி இந்த வீட்ல ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது."

"குந்திட்டீன்னா?" என்றேன்.

"குந்திட்டா வித்துடு."

அம்மா உடனே சரி என்றார். மாடிப்படியில் மூச்சு வாங்குகிற மனுஷன் மலை ஏறவா போகிறார் என்ற நம்பிக்கை.

பாவா முந்தின நாள் இரவே வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினார். லேசான தின்பண்டம் மட்டும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல ஷூ. அம்மா அதில் முதல் வரியைப் படித்துவிட்டு, புளிசோறு, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், நாற்பது வடை, ஒரு தூக்கு ரசம் என்று லேசாக முடித்துக்கொண்டார். மழை விட்டிருந்தது. நைனாதான் வேனை ஓட்டினார். நகரி தாண்டி மண்ரோட்டில் திரும்பி, மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். இந்த முறை நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. "பாத்துக்கோ" என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இறங்கியதும் மலையைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா" என்று செருப்பைக் கழற்றினார். அம்மா கழற்றினார். அக்கா கழற்றினாள். நானும் கழற்றினேன். நான்கு ஜோடியும் புளியமரத்தடியில் வரிசையாக நின்றன, யாரோ டோக்கன் கொடுக்கப்போகிற மாதிரி.

பாவா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "மாமா, இங்க கோயிலே இல்லீங்க. வெறும் காடு."

"மலைன்னு ஒண்ணு இருந்தா மேல யாரும் இல்லாமலா பூடுவாங்க?" என்றார் அம்மா. பிறகு பாவாவின் ஷூவை ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. வீட்டு வாசலுக்குப் போனாலும் "நைனா செருப்பு, நைனா செருப்பு" என்று பின்னாலேயே கத்துகிறவள் நான். அன்று அந்த எம்.சி.ஆர். செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பை ஒழுங்காக விட்டுவிட்டு நடந்தேன். மனதில் ஒரு சின்ன உறுத்தல்கூட வரவில்லை. மலையில் செருப்புப் போடக் கூடாது. அதற்கு மேல் யோசிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

முருகன் மலையில் படி வழவழவென்று இருக்கும். இங்கே சரளைக்கல், வேர், போதாததற்கு அடிவாரம் முழுக்க வேலிகாத்தான் முள். பத்து நிமிடத்தில் நாங்கள் மூன்று பெண்களும் "ஸ்ஸ்", "ஆ", "அம்மாடி" என்று ஒற்றைக்காலில் ஆடத் தொடங்கிவிட்டோம். அக்கா ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் போய்ச் செருப்பை எடுத்து வரலாம் என்றாள்.

"முருகா சொல்லிகினே நட, ஒண்ணும் ஆவாது" என்றார் நைனா. அவர் எங்களுக்கு முப்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

அவர் நடந்த நடையை என்னவென்று சொல்வது! கல் என்று பார்க்கவில்லை, முள் என்று பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவர் மாதிரி விறுவிறுவென்று போனார். உத்தம ஷூ போட்ட பாவா இரண்டு முறை வழுக்கி விழுந்தார். ஒவ்வொரு முறையும் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "சாமி மலையில அதைப் போட்டுகினு வந்தா அப்படித்தான்" என்று மரத்திடம் சொன்னார். நைனா எங்கும் உட்காரவில்லை. மூச்சு வாங்கியது, சட்டை நனைந்தது, ஆனாலும் நிற்கவில்லை. பின்னால் வந்த அம்மா என் காதில், "இன்னாடி இந்த மனுசன், கல்யாணம் ஆன புதுசுல நடந்த மாதிரி நடக்கறாரு" என்றார். குரலில் தோற்றுப்போன வருத்தமே இல்லை.

ஒன்றரை மணி நேரத்தில் ஓடைக்கு வந்து சேர்ந்தோம். பாறைக்கு நடுவே தண்ணீர் குட்டையாகத் தேங்கி, அடியில் இருக்கிற கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது. சென்னைக்காரர்கள் வருவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன், பாவாவிடம் சொல்லவில்லை. பாவா தன் பையிலிருந்து பருப்புகளை வெல்லத்தில் ஒட்டிய ஒரு கட்டியை எடுத்து ஐந்து துண்டாக்கினார். அதை வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் புளிசோற்றைத் திறந்தோம். பாவாதான் முதல் ஆளாகத் தட்டை நீட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும் நைனா அறிவித்தார். "இன்னா? யாராவது வேனைப் பத்திப் பேசறீங்களா?"

"ஓட்டு, யாரு வாணான்னா" என்றார் அம்மா.

"தோத்துட்டோம் நைனா" என்று நானும் கையைத் தூக்கினேன். உண்மையில் எனக்குச் சந்தோஷம்தான். நைனாவிடம் தோற்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நைனா ஒரு பாறையில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டு, பாவாவிடம் பழைய கதையை ஆரம்பித்தார். திருப்பதி மலைப்பாதையில் பனிமூட்டத்தில் முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு வேன் இறக்கிய கதை. நான் தட்டுகளைக் கழுவ ஓடைப்பக்கம் போனேன். திரும்பியபோது அவர் உள்ளங்கால் என் முகத்துக்கு நேராக இருந்தது. வலது கால். பெருவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில் சேறும் ரத்தமும் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதன் நடுவில் வேலிகாத்தான் முள்ளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

வலியை மறைத்துக்கொண்டு வீரம் காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நைனா அப்படிச் செய்யக்கூடியவர்தான். "இருக்கட்டும், இப்ப கத்துவாரு பாரு" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, குனிந்து, முள்ளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். பாதி விரல் நீளத்துக்கு வந்தது. பின்னாலேயே ரத்தம் வந்தது.

நைனா கதையை நிறுத்தவில்லை. "அப்ப ரெண்டாவது வளைவு வந்துகினு கீது மாப்ள, எதிர்ல ஒண்ணும் தெரியல…" என்று சொல்லிக்கொண்டே போனார். குரலில் ஒரு தடங்கல்கூட இல்லை.

பாவாதான் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அதன் பிறகுதான் நைனா திரும்பினார். நான் முள்ளைக் காட்டினேன்.

"ஐயோ, எம்மா நீட்டு!" என்றார். "யாரு கால்லம்மா குத்திச்சி?"

நைனா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த தன் காலைப் பார்த்தார். அன்று அவர் ஏறிய ஏற்றம் முழுவதும் என்னவென்று ஒரே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது.

அம்மா திட்ட ஆரம்பித்தார். டாக்டரைத் திட்டினார், என்னைத் திட்டினார், முருகனைக்கூட விடவில்லை. திட்டிக்கொண்டே அழுதார். பாவா பையைத் திறந்தார். நாங்கள் வழியெல்லாம் கிண்டல் செய்த அந்தப் பையில் பஞ்சு இருந்தது, மருந்து இருந்தது, கட்டுத் துணி இருந்தது. கழுவிக் கட்டும்போது இன்னும் இரண்டு முள் கிடைத்தது.

கட்டு முடிந்த பிறகு நைனா மெதுவாகச் சொன்னார், என்னிடம் இல்லை, ஓடையைப் பார்த்து. "ஆடியிலிருந்தே இப்படித்தான் கீது. பிரேக்கு மேல கால் கீதா இல்லியான்னு குனிஞ்சி பாத்துக்குவேன். பாத்துட்டுதான் மிதிப்பேன்."

காலையில் அந்த வேனில்தான் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தோம். கோபம் வந்தது, பயம் வந்தது, டாக்டர் அறையில் அவரோடு சேர்ந்து சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

பாவா தன் ஷூவைக் கழற்றி நைனாவுக்கு மாட்டிவிட்டார். ஒரு சைஸ் பெரிது, கட்டுப் போட்ட காலுக்குச் சரியாக இருந்தது. சாமி மலையில் ஷூ என்று அம்மா வாயைத் திறக்கவில்லை. பாவா வெறுங்காலோடு எங்களுக்குச் சமமாக "ஸ்ஸ், ஆ" என்று இறங்கினார்.

கால் பிழைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். புண் ஆற மார்கழி முடிந்தது. வேன் பிழைக்கவில்லை, தை மாதம் அம்மையார்குப்பத்துக்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று கீழே வந்ததும் நைனா வழக்கம்போல டிரைவர் பக்கத்துக் கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். பாவா ஓட்டுவது கியர் இல்லாத கார், வேன் அவருக்கு வராது. லைசென்ஸ் இருந்தும், "இது ஸ்கூட்டி இல்லம்மா" என்று அந்த வேனை ஒருமுறைகூடத் தொட விடாத மகளிடம், அதாவது என்னிடம், சாவியைக் கொடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் இடப்பக்க சீட்டில் ஏறினார்.

கியர் மாற்றத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வளைவு வந்தபோதும், எதிரே லாரி வந்தபோதும், அவருடைய வலது கால் மட்டும் முன்னால் போய் வெறும் தரையை மிதித்தது. ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில், நான் மிதிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே மிதித்தது. வேறு நாளாக இருந்தால், "நைனா, அந்தப் பக்கம் பிரேக் கிடையாது" என்று கேலி செய்திருப்பேன். அன்று முடியவில்லை. ஒவ்வொரு முறை மிதித்த பிறகும் அவர் குனிந்து, கால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டார்.