வலிக்காமல் பச்சை குத்தப்படும்

முடிவெட்டும் கடையில் தூங்குகிறார்கள், தையல் கடையில் அரட்டை அடிக்கிறார்கள், பச்சை குத்தும் கடையில் மட்டும்தான் காசும் கொடுத்து அலறவும் செய்கிறார்கள்.

ஊசி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சொந்தங்களே, நானும் உங்கள் கட்சிதான். எண்பதுகளில் லூனாஸ் என்ற சின்ன ஊரின் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மணியம் அண்ணனின் முடிவெட்டும் கடையில் பாதியைப் பச்சை குத்த வாடகைக்கு எடுத்திருந்தேன். நடுவில் ஒரு துணித்திரை. அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம். இந்தப் பக்கம் என் மெஷின் சத்தமும் 'ஐயோ அம்மா'வும். சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் பாதி முகத்து நுரையோடு எழுந்து ஓடப் பார்த்ததும் உண்டு. மணியம் அண்ணன் என்னைக் காலிபண்ணச் சொல்லாதது அவருடைய நல்ல மனசு.

ஒரே ஒரு புள்ளி

ஸ்டெல்லா கூலிம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்த பெண். எஸ்டேட்டில் இருந்த காலத்தில், கட்டிக்கொள்வதாகச் சொன்ன ஒருத்தன் பேரை இடது முன்கையில் குத்திக்கொண்டிருந்தாள். 'மோகன்'. அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். ஆத்திரத்தில் இவள், ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டைக் கையில் ஊற்றிவிட்டாள். 'மோ' வெந்து தழும்பாகிவிட்டது. 'கன்' அப்படியே இருந்தது. ஃபேக்டரித் தோழிகள் "எங்கடி துப்பாக்கி?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். சொல்லும்போது அவளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது அலோர் ஸ்டாரில் நல்ல இடம் அமைந்திருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாணம். மோதிரம் போடுகிற கையில் இன்னொருத்தன் பேரோடு ஃபாதர் முன்னால் எப்படி நிற்பது? அதை மறைக்க மேலே ஒரு மல்லிகைக் கொடி வேண்டுமென்று வந்தாள். தழும்புத் தோலில் ஊசி பட்டதும் அவள் போட்ட சத்தத்தில் மணியம் அண்ணன் கையிலிருந்த கத்தியே கீழே விழுந்தது. ஒரு புள்ளிதான் வைத்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினவள், வாசலில் நின்று திரும்பிச் சொன்னாள்:

"இந்தப் புள்ளிய யாராச்சும் கேட்டா மச்சம்னு சொல்லிக்கிறேன், ஆள விடுங்கண்ணே!"

டாக்டரம்மா சொன்னது

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. குத்துகிற தொழில்தான், ஆனால் ஒரு பெண்ணை ஓடவைக்கிற தொழிலா? மை வாங்க அலோர் ஸ்டார் போனபோது, அங்கே ஒரு கிளினிக்கில் நுழைந்து டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தோலை மரத்துப்போக வைக்கும் கிரீம் ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார். மலாய்க்காரர்கள் 'உபாட் கெபாஸ்' என்பார்கள். தடிமனாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் சுற்றி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நன்றாக ஆறிய தழும்பில் போடலாம், புண்ணில் போடக் கூடாது. வலிக்காதே என்று முதுகு முழுக்க அப்பிவிட்டால் மருந்து ரத்தத்தில் ஏறி ஆளுக்கே ஆபத்தாகிவிடும் என்று விரலை ஆட்டி எச்சரித்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சீட்டு எழுதிக் கொடுத்தபடி சொன்னார்:

"இது குழந்தைங்களுக்கு ஊசி போடறதுக்காக வந்த மருந்து. உங்ககிட்ட வர்றதும் மீசை வச்ச குழந்தைங்கதானே, வாங்கிட்டுப் போங்க."

என் வாய்க்கு வந்தது

முதல் சோதனை என் கணுக்காலில். தடவி, பிளாஸ்டிக் சுற்றிவிட்டு உட்கார்ந்தேன். கையைக் கழுவாமல் மீசையை முறுக்கும் பழக்கம் எனக்கு. கொஞ்ச நேரத்தில் மணியம் அண்ணன் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது. "என்னடா?" என்றார் அண்ணன். பதில் சொல்லப் போனால் உதடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. 'ழ்ழ' என்று ஏதோ வந்தது.

அவர் பயந்துவிட்டார். பக்கவாதம் என்று முடிவுகட்டி, ரோட்டில் ஓடிப்போய் யாரோ ஒருவர் காரை மறித்து, என்னைத் தூக்கி உள்ளே திணிக்கிற நேரத்தில்தான் கிரீம் டியூபைக் காட்டிச் சைகையில் புரியவைத்தேன். காரோட்டி எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே! மணியம் அண்ணன் மூச்சு வாங்கியபடி டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாய அடைக்க இப்படி ஒரு மருந்து இருக்குன்னு உன் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிறாதடா!"

பால் வாசம்

கணுக்காலில் ஊசி வைத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போலக்கூட இல்லை. மறுநாளே வெளியே அட்டை எழுதி மாட்டினேன்: 'வலிக்காமல் பச்சை குத்தப்படும்.' முதலில் வந்தவர் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டும் ஆள். தோளில் வேல் வேண்டும் என்றார். மருந்து தடவி, நேரம் ஆனதும் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்து "மரத்திருச்சாண்ணே?" என்று கேட்டேன். அவர் சட்டென்று தோளை முகர்ந்து பார்த்தார்.

"மரத்துலருந்து நேராத்தான் வர்றேன் தம்பி, ஏன், பால் நாத்தம் அடிக்குதா?"

பாலிங் லாரிக்காரர்

வலி இல்லாவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்தது என் தப்புக் கணக்கு. பாலிங்கிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணோடு சண்டை. அவள் பேரை நெஞ்சில் குத்திக்கொண்டு வந்தால்தான் சமாதானமாம். மருந்தைத் தடவினேன். எப்போது குத்த ஆரம்பித்தேன் என்று அவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முடித்து எழுப்பிக் கண்ணாடியைக் காட்டினேன். பேரைப் பார்த்துச் சிரித்தவர் முகம் உடனே மாறியது. "வலிக்கவே இல்லையே?" என்றார். அதுதானே மருந்து என்றேன். மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு எழுந்து ஜன்னலைக் காட்டினார்.

"அதத் திறங்கண்ணே, ரெண்டு தடவ நல்லாக் கத்திக்கிறேன். அவ எதுத்த கடையில ரொட்டி சாப்ட்டுட்டு உக்காந்திருக்கா லா!"

மல்லிகைக் கொடி

நாலைந்து பேருக்குப் போட்டுப் பார்த்து, எனக்கே நம்பிக்கை வந்த பிறகு, ஃபேக்டரி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளினால் கல்யாணத்துக்குள் தோல் ஆறாது. "மறுபடி ஒரு புள்ளியோட ஓடினா என்னைத் திட்டக் கூடாதுண்ணே" என்றவள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாள். கூடவே மாப்பிள்ளை அந்தோணி. கவர்மென்ட் ஆபிசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, அமைதியான மனிதர். ஊசியைப் பார்த்ததும் அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருந்து ஊறியதும் பிளாஸ்டிக்கைப் பிரித்துத் துடைத்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தழும்பின் மேல் ஊசியை வைத்தேன். சத்தமில்லை. ஒரு கண்ணைத் திறந்தாள், அடுத்ததையும் திறந்தாள். 'க' மேல் ஓர் இலை, 'ன்' மேல் ஒரு மொட்டு. பேர் கொஞ்சம் கொஞ்சமாக இலைக்குள் போனது. பாதி வேலையில் என் கைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்தால், அழுதுகொண்டிருந்தாள். பதறிப்போய் மெஷினை நிறுத்தி, "வலிக்குதாம்மா?" என்றேன். "இல்லண்ணே," என்று மூக்கை உறிஞ்சினாள். "வந்தப்ப எப்படி வலிச்சான். போறப்ப ஒண்ணுமே இல்லாமப் போறானேன்னு பாக்குறேன்." திரைக்கு அந்தப் பக்கம் மணியம் அண்ணனின் கத்தரிக்கோல் சத்தமும் நின்றிருந்தது.

கொடி முடிந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அந்தோணி மெல்ல, "கொடிக்குக் கீழ கொஞ்சம் இடம் இருக்கே, அண்ணே. சின்னதா என் பேரு போடலாமா?" என்றார். நான் ஊசியைக் கையில் எடுப்பதற்குள் அவள் சொன்னாள்:

"நீங்கதான் கூடவே இருக்கப் போறீங்கல்ல, பேரு எதுக்கு?"

அன்றைக்கு மோதிரம் போடாமலே அந்தக் கல்யாணம் என் கடையில் பாதி முடிந்துவிட்டது. வலியைக் குறைக்கத்தான் அந்த மருந்தை வாங்கினேன், ஆனால் தடவிவிட்டு ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால், காதலி பேர் குத்த வந்தவர்களில் பாதிப் பேர் யோசித்துப் பார்த்து எழுந்து போய்விடுகிறார்கள், ஆக மருந்து நான் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்கிறது.