அடி பட்டுதுங்களா என்று கேட்ட குரல்

கவின், நிலா, உங்கள் ரெண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். பேய், பிசாசு, காத்துக்கருப்பு எதையும் உங்கப்பன் நம்பினவன் இல்லை. வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டியதற்கே உங்கம்மாவோடு சண்டை போட்டவன். நீங்கள் சிரித்தாலும் சரி, இது நடந்தது.

அவிநாசியில் சாமி கும்பிட்டுவிட்டு நானும் உங்கம்மாவும் காரில் திரும்பி வந்தோம். சிக்னலில் நின்றபோது பின்னால் ஒரு கார் வந்து இடித்தது. பெரிய இடி இல்லை, பம்பர் நெளிந்தது. இறங்கிப் பார்க்கிறேன், "ஏனுங்க, அடி பட்டுதுங்களா?" என்று ஒரு குரல். மரியாதையாகக் கேட்கிறாரே என்று நானும், "ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க" என்று கையாட்டி அனுப்பிவிட்டேன். நம்ம ஊர்ப் புத்தி அது, இடித்தவனையும் 'ங்க' போட்டுத்தான் வழியனுப்புவோம். உடம்பிலும் அப்போது ஒன்றும் தெரியவில்லை.

ரெண்டு மூணு நாள் போயிருக்கும். கம்பெனியில் மத்தியானம், செக்கிங் மிஷினில் ஓடுகிற துணியில் ஓட்டை, கறை பார்த்துக்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் அதே குரல். "ஏனுங்க, அடி பட்டுதுங்களா?" வெடுக்கென்று திரும்பினேன். யாருமில்லை. திரும்பின கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது, வலி தோள் வழியாக விரல் வரைக்கும் இறங்கியது. பிரமை என்றே விட்டிருப்பேன். ஆனால் பக்கத்து மிஷினில் இருந்த தூத்துக்குடி செல்வம், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணாச்சி, யாரோ கேக்காங்கல்லா, பதில் சொல்லுங்க" என்றான்.

அப்புறம் பட்ட பாடு. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. இந்த வலி தாமதமாகவும் வரும் என்று டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? சூப்பர்வைசர், "இத்தன நாள் கழிச்சு வருதுன்னா, வலி என்ன பஸ் கெடைக்காம நின்னுச்சுங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"துணி பின்னறப்ப விழுந்து, வெள்ளத்துணில தெரியாத ஊசிக்கோடு சாயம் ஏத்துனா தெரியுதுல்லீங்க? அத நம்பறீங்க, என்னைய நம்ப மாட்டீங்களா?" என்றேன்.

"குனிய முடியலீனா சொல்லுங்க, வேற ஆளப் போட்டுக்கறனுங்க" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. "அந்தாளு கேட்டப்பவே, பட்டுதுன்னு சொல்லியிருக்கோணும்" என்றேன். கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த உங்கம்மா கையை நிறுத்தினாள்.

"எந்த ஆளுங்க? இடிச்சவன் கண்ணாடியக்கூட எறக்கலீங்களே. நீங்கதான் வெறும் ரோட்டப் பாத்து ஒண்ணுமில்லீங்கன்னு கையாட்டுனீங்க."

இன்றைக்கும் பின்னாலிருந்து யாராவது 'ஏனுங்க' என்றால் எனக்குக் கழுத்து திரும்பாது. உடம்போடு திரும்ப வேண்டும். திரும்பி முடிப்பதற்குள் யாராக இருந்தாலும் போயிருப்பார்.

உங்கம்மாவுக்கும் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சிக்னலுக்குப் போனேன். ஓரமாக நின்றேன். பஸ் இரைச்சலில் எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொன்னேன்.

"பட்டுதுங்க. ரொம்ப வலிக்குதுங்க."