கற்பூரம் காட்டிய மோட்டார் சைக்கிள்

கற்பூரத் தட்டு அந்த மோட்டார் சைக்கிளை மூன்றாம் முறை சுற்றி வந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது: இதை எங்கள் பேரில் பதிவு செய்தால் என்ன?

கும்பிட வேண்டிய நேரத்தில் யோசிக்கிற விடயமில்லைதான். ஆனால் மாலைக்குக் கீழே சங்கிலி தெரிந்தது. துருப்பிடித்திருந்தாலும் அறுந்திருக்கவில்லை. முன்சில்லு நேராக நின்றது. பெற்றோல் தாங்கியில் ஓட்டை இல்லை. ஐந்து வருடமாக ஒவ்வொரு மார்கழியும் அதன் முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறேன். கண்ணைத் திறந்து பார்த்தது அன்றுதான்.

கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடம், அலை போன பிறகு, ஆற்றுப் பக்கம் சதுப்பில் வளர்ந்த கண்ணாக் காட்டுக்குள் தலைகீழாகக் கிடந்தது அது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஊர் ஆட்கள் தூக்கிவந்து கோயில் வெளிவீதியில் வைத்தார்கள். கட்டில், தையல் மெசின், அண்டா என்று அகப்பட்டதெல்லாம் அங்கேதான் வைக்கப்பட்டன. உரியவர்கள் வந்து அடையாளம் சொல்லி எடுத்துப் போனார்கள். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் ஆள் வரவில்லை. சாவி இல்லை, சீட் இல்லை, இலக்கத் தகடு இல்லை. அந்த நாட்களில் ஆள் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். முதலாம் ஆண்டு நினைவு நாளில் யாரோ அதற்கும் ஒரு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். அத்தோடு அது செத்தவரின் பொருளாகிவிட்டது. பிறகு யார் தொடுவார்? ஒரு குடையைக்கூட அதில் சாய்த்து வைக்க மாட்டார்கள்.

எனக்கு வண்டி தேவையில்லை. தேவை அக்காவுக்கு.

அக்கா படுவான்கரையில், ஆற்றுக்கு அப்பால், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. விடியக் காலை பாதையில் ஏற வேண்டும். ஆறு கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அக்கரையில் இறங்கி, வட்டைகளுக்கு நடுவே, வயலும் வரம்பும் பார்த்துக்கொண்டு கிரவல் றோட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டும். மாரியில் சைக்கிள் அவளைச் சுமப்பதைவிட அவள் சைக்கிளைச் சுமப்பதுதான் அதிகம். பிந்திய ஆசிரியர்கள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பார்கள். அக்காவின் கையெழுத்து அங்கேயே குடியிருக்கத் தொடங்கியிருந்தது. கல்விக் கந்தோரில் ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார்: சித்திரை விடுமுறைக்குள் ஒரு வாகனம் பார்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் வீட்டுப் பக்கம் மாற்றம் தருகிறோம். வேறு யாராக இருந்தாலும் அந்த மாற்றத்தை இரண்டு கையாலும் வாங்கியிருப்பார்கள். ஆனால் இந்த வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஒரு வகுப்பு சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிறது. அக்கா போனால் அவர்களுக்குக் கணக்குப் பாடம் உண்டு, போகாவிட்டால் இல்லை. எங்கள் வீட்டின் பாதிச் சுவர் இன்னும் பூசப்படாமல் கிடக்கிறது. புது வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்று மத்தியானம் சோறு போடும்போது என் எண்ணத்தைச் சொன்னேன். அம்மாவின் அகப்பை பாதியில் நின்றது. கற்பூரம் காட்டின சாமானில் கை வைக்கப் போறியா என்றார்.

அக்கா மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள். "கற்பூரம் காட்டினா ஆள் செத்திருமா? அவர் செத்தத ஆர் கண்ட?"

ஒருவரும் காணவில்லை. ஐந்து வருடமாக ஊரில் ஒருவருக்கும் வராத கேள்வி அது. எனக்கும் வரவில்லை, நான் சங்கிலியைத்தான் பார்த்திருந்தேன்.

கந்தோர்கள் திறந்ததும் நான் பட்டணத்துக்கு, புளியந்தீவுக்கு பஸ் ஏறினேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறவளுக்கு ஓட்டத்துக்கா பஞ்சம்? மாவட்ட அலுவலகமான கச்சேரியில் ஒரு அன்ரி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, சாவியும் இல்ல, பதிவுப் புக்கும் இல்ல, சொந்தக்காரனும் இல்ல. நீங்க பதிய வந்தது மோட்டசைக்கிளையா, இல்ல ஆசையையா?" என்றார். பக்கத்து மேசையும் சிரித்தது. ஆனால் சிரித்துவிட்டு விடவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் எல்லாம் எழுதித் தந்தார். பொலிஸில் ஒரு முறைப்பாடு, கிராம அலுவலரான விதானையாரின் கடிதம், எஞ்சின் இலக்கம், சட்டக இலக்கம், எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பதிவுக்காரரின் கையெழுத்து. அவர் யாரென்று கொழும்புக்கு எழுதிக் கேட்கலாம், ஆனால் பதில் எப்போது வருமென்று சொல்ல முடியாது, சித்திரைக்குள் நிச்சயமாக வராது என்றார்.

கோயில் வண்ணக்கரிடம் அனுமதி கேட்டேன். கோயில் காரியங்களை நடத்துகிறவர் அவர்தான். சொந்தக்காரரின் ஆட்களைக் கண்டுபிடித்து அவர்கள் சம்மதித்தால் எடுத்துப் போகலாம், அதுவரை பார்க்கலாம், தொடலாம், நகர்த்தக் கூடாது என்றார். எனக்கு அது போதும். எஞ்சினிலும் சட்டகத்திலும் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சரித்துத் தேய்த்தேன். எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. உப்புத் தண்ணீரும் ஐந்து மாரியும் தின்ன முடியாத எண்கள். அந்தத் தாளைச் சான்றிதழ் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வண்டி திருத்துகிற கராஜ் பாஸ் ஒருவரையும் கூட்டிவந்து காட்டினேன். எஞ்சின் இறுகியிருக்கிறது, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தால் இளகும், சாவிப் பூட்டை முழுதாக மாற்றலாம் என்றார். பிறகு குரலைத் தணித்து, இதே ரக வண்டியின் புக் ஒன்று தன்னிடம் கிடக்கிறது, சட்டக இலக்கத்தை உரசிவிட்டு அந்த இலக்கத்தை அடித்தால் ஒரு கிழமையில் றோட்டில் ஓடலாம் என்றார். உண்மையைச் சொன்னால், ஒரு கிழமை என்ற சொல் என் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "பிழையான கணக்குக்குச் சரியான விடை எழுதினா நான் புள்ளி போடுவனா?" என்றாள். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

மறுநாள் பின்னேரம் அவளே கோயிலடிக்கு வந்தாள். வண்டியைச் சுற்றி நடந்தாள். பின்னால் மீன் பெட்டி வைப்பதற்கு ஒட்டிய இரும்புக் கம்பியைப் பார்த்தாள். கைபிடியில் ஒரு பித்தளைக் கோர்ன் இருந்தது, கையால் அமத்தி ஊதுகிற வகை. ரப்பர் பந்து எப்போதோ உக்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

"மீன்காரர்ர பைக்," என்றாள்.

அது ஊருக்கே தெரியும் என்றேன்.

"அப்ப ஒண்டு சொல்லு. நம்மட ஊருல ஆராவது கோர்ன் அடிச்சு மீன் வித்துக் கண்டிருக்கியா?"

கண்டதில்லை. எங்களுக்கு ஏன் கோர்ன்? கூப்பிடு தூரத்தில் கடற்கரை. தோணி வந்தால் நாங்களே சட்டியோடு போவோம். கோர்ன் அடித்து வீடு வீடாக மீன் விற்பது ஆற்றுக்கு அப்பால்தான். அந்தக் கரையிலிருந்து பாதையில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் கடற்கரையில் மீன் எடுத்துக்கொண்டு, வெயில் ஏற முன் திரும்பிப் போகிறவர்கள் இருந்தார்கள். இந்தக் கோர்ன் இந்தக் கரையில் ஒருநாளும் ஊதியதே இல்லை. அதைத் தெரிந்த காதுகள் எல்லாம் அந்தக் கரையில்.

நாங்கள் ஐந்து வருடமாக இந்தக் கரையில் ஆள் தேடி, இல்லை என்று முடிவுகட்டிக் கற்பூரமும் கொளுத்திவிட்டோம். அந்த வருடங்களில் ஆறு வெறும் ஆறாக இருக்கவில்லை. இரண்டு துறையிலும் சோதனை, கேள்வி, அடையாள அட்டை. அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி விசாரித்துக்கொண்டு யார் போவார்? பிறகு அந்தக் கரைச் சனமே இடம்பெயர்ந்து எங்கெங்கோ போனது. சண்டை முடிந்து இப்போது பாதை தாராளமாக ஓடுகிறது. கேட்கிற பழக்கம்தான் இன்னும் திரும்பி வரவில்லை. அக்காவுக்கு மட்டும் அது எப்படி வந்ததோ. நான் கந்தோர் கந்தோராக அலைந்தேன். அவள் ஒரு கோர்னைப் பார்த்துவிட்டுக் கரையைச் சொன்னாள்.

வண்ணக்கர் கோர்னை மட்டும் கழற்றத் தந்தார். புது ரப்பர் பந்து போட்டு அக்காவின் சைக்கிளில் கட்டினேன். அமத்திப் பார்த்தோம். ப்பாஆ என்று கம்பீரமாகத் தொடங்கி, முடிகிற இடத்தில் விக்கல் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பாதையில் ஏறினோம். அக்கா பள்ளிக்கூடச் சாறியில்தான் வந்தாள். ஆட்களைப் பார்க்கப் போகிறோம், மரியாதையாகப் போக வேண்டும் என்றாள். பாதைக்காரர் கோர்னைப் பார்த்துவிட்டு, ரீச்சர் பள்ளிக்கூடத்த விட்டுட்டு யாவாரத்துல இறங்கிட்டாவோ என்று கேட்டார். "ஓம் அண்ணன். வாங்குறதெண்டா சட்டியோட வாங்க," என்றாள் அக்கா.

முதல் ஊரில் கோர்ன் அடித்ததும் பூனைகள் வந்தன. பின்னாலேயே பெண்கள் சட்டியோடு வந்தார்கள். மீன் இல்லை, கோர்ன் மட்டும்தான் என்று தெரிந்ததும் நாங்கள் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது. அக்காவின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வேலிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். பயிற்சி செய்தாச்சா என்று அக்கா கேட்டதும் வேலிதான் நின்றது, பிள்ளையைக் காணவில்லை. அடுத்த ஊரிலும் பூனை, சட்டி, ஏச்சு. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அக்கா சளைக்காமல் ஒவ்வொரு வேலியிலும் இறங்கி, மன்னிப்புக் கேட்டு, இந்தச் சத்தம் தெரியுமா என்று விசாரித்தாள்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம், ஒரு வளவில் மா இடித்துக்கொண்டிருந்த பெண் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கையில் சட்டி இல்லை.

"நில்லுங்க கா. அத இன்னொருக்கா அடிங்க."

அக்கா அடித்தாள்.

"விக்குது. இது அவர்ர கோர்ன்தான்," என்றாள். "அந்த மனுசன் இப்ப மீன் விக்கிறல்ல. கச்சான் கடலை போட்டிருக்கார். அந்தா, கிணத்தடியில."

நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு அவரே மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். கோர்னைக் கையில் எடுத்தார். நெளிந்த இடத்தில் பெருவிரலை வைத்தார். அது அச்சாகப் பொருந்தியது. மாடு முட்டின நெளிவு என்றார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கற்பூரக் கதையைச் சொல்லாதே என்று அவள் முதுகில் கிள்ளினேன், அதையும் சொன்னாள். அவர் மண்வெட்டியை ஊன்றி அப்படியே குந்தி இருந்து சிரித்தார். மா இடித்த பெண்தான் அவருடைய மனைவி; பதில் சொன்னதும் அவர்தான்: "அஞ்சு வருசமா ஒரு ஊரே கும்பிட்டிரிக்கி. அதான் இந்த மனுசனுக்கு ஒரு காய்ச்சல்கூட வரல்ல."

கடல் வந்த அன்று காலை வண்டியைத் தென்னையடியில் விட்டுவிட்டு மீன் விலை பேசிக்கொண்டு நின்றாராம். அலை அவரை அடித்துக்கொண்டு போய் ஒரு மதிலில் சாத்தியது. சாவி சாரத்தின் மடியில் இருந்தது; சாரமே போய்விட்டது. யாரோ கொடுத்த மேசைச் சீலையைக் கட்டிக்கொண்டு ஆறு கடந்து வந்தார். அதன்பிறகு கடற்கரைப் பக்கம் போகவில்லை. வண்டி கடலுக்குள் என்றே நினைத்துக்கொண்டார், தேடவில்லை. அதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

அடுத்து அக்கா சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒங்கட பைக் பத்திரமா இரிக்கி. ஒங்களுக்கு ஏலுமான நாள் வந்து எடுங்க," என்றாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடம், சிவப்புக் கோடு, சித்திரை விடுமுறை ஒன்றையும் வாயில் எடுக்கவில்லை. கோர்னை அவரிடமே விட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள். என்னால் முடியவில்லை. அக்காவுக்குத்தான் அது தேவை என்று தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அக்கா பார்த்த பார்வையில் கச்சான் செடி வாடியிருக்கும்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார்.

"எடுங்க ரீச்சர். நான் இனி மீனுக்குப் போகமாட்டன்," என்றார். "முதல்ல அந்தக் கற்பூரத்த நிப்பாட்டச் சொல்லுங்க. மறுகா ஒரு கரைச்சல் இரிக்கி. என்ர பேர்ல இருந்தாத்தானே நான் தர?"

அந்தக் கரையில் அப்போது யாரும் பெயர் மாற்றுவதில்லை. விற்கிறவர் வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்துப் புக்கோடு தருவார். வாங்கினவரும் அப்படியே வைத்திருப்பார். கொழும்புக்குப் போய்வருவது அன்று அவ்வளவு லேசான காரியமா? இவர் வண்டியை வாங்கியது வடக்கே கடலோரம் வாகரையில் ஒரு தபால்காரரிடம். புக்கும் கையெழுத்து வைத்த படிவமும் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டன. ஆக, இன்றைக்கும் சட்டப்படி அது வாகரைத் தபால்காரரின் வண்டி. வாகரையையும் கடல் அடித்தது, பிறகு சண்டையும் அடித்தது. அவர் இருக்கிறாரா என்பது இவருக்குத் தெரியாது.

தபால்காரரை அடையாளம் காட்ட எங்களோடு வாகரைக்கு வருவீர்களா என்று அக்கா கேட்டாள். அவர் மண்வெட்டிப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸில இருந்தா கடல் தெரியுமா ரீச்சர்?"

"தெரியும்," என்றாள் அக்கா. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரி. நான் யன்னல் பக்கம் இருக்கமாட்டன்," என்றார்.

வருகிற சனிக்கிழமை போகிறோம். விடியக் காலை முதல் பாதையில் அவர் இந்தக் கரைக்கு வருவார். வாகரையில் முதலில் தபால் கந்தோர். அங்கே தெரியாவிட்டால் கோயில், அதற்குப் பிறகு புதிதாகக் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக. தபால்காரர் இருந்தால் ஒரு கையெழுத்து. இல்லையென்றால் அவருடைய பிள்ளைகளைத் தேட வேண்டும். அதற்கு என்னென்ன வேண்டும் என்று கச்சேரி அன்ரியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அக்கா ஒரு கட்டளை போட்டிருக்கிறாள். யாரைக் கண்டாலும் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், அவர்கள் தங்கள் கதையைச் சொல்லி முடிக்கும் வரை கேட்க வேண்டும், மோட்டார் சைக்கிள் பேச்சு அதற்குப் பிறகுதான். அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாதாம். முயன்று பார்க்கிறேன்.