ஸ்டாக்கிங்கின் குதிகாலைத் திருப்பிய சனிக்கிழமை

கர்த்தர் நல்லவர் என்று சொல்லித்தான் எங்கள் சபையில் எல்லாரும் சாட்சியைத் தொடங்குவார்கள். நானும் அதையே சொல்லிவிடுகிறேன். ஆனால் போன வருடக் கடைசியில் என் மகள் மூச்சுக்குப் போராடிய அந்த இரண்டு மாதம் நான் குழம்பியதுபோல ஆயுளில் குழம்பியதில்லை. அந்தக் குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவும் இல்லை. பாஸ்டர் இந்தச் சாட்சியை எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, "தெளிஞ்ச பிறகு எழுதறேன் பாஸ்டர்" என்றேன். "அப்படின்னா நீங்க எழுதவே மாட்டீங்க பிலிப்" என்றார். அதனால் குழம்பியபடியே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் போர்ட்டிக்சன் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். எனக்கும் என் மனைவி எஸ்தருக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. இரண்டு முறை கரு தங்கிக் கலைந்து போனது. மூன்றாவது முறை ஐந்து மாதம் தாண்டியதும் எஸ்தர் கொக்கி ஊசியையும் சிவப்பு நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எங்கள் தோட்டத்துச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி கிறிஸ்மஸ் ஸ்டாக்கிங், அதாவது காலுறை, பின்னி, பெயர் தைத்து, மரத்தில் கட்டுவோம். கிறிஸ்மஸ் ஆராதனையில் பாஸ்டர் பெயரை வாசிப்பார், பிள்ளையின் அப்பா போய் அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். பின்னுகிற வேலை எஸ்தருடையது. தமிழ்க் குடும்பங்கள் குறைந்துபோனதால் இப்போதெல்லாம் வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான். ஊரார் பிள்ளைகளுக்கே பின்னிக்கொண்டிருந்தவள் அந்த முறை தன் பிள்ளைக்குப் பின்னினாள். பிள்ளை ஜனவரியில்தான் பிறக்க வேண்டும், அடுத்த வருட மரத்துக்கு இப்போதே என்ன அவசரம் என்று கேட்டேன். "விசுவாசம்" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

என் அக்கா மம்பாவ்வில் இருக்கிறார். நாங்கள் இந்துக் குடும்பம், நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் எடுத்தேன். அக்கா அதற்காக என்னோடு சண்டை போட்டதில்லை. ஒருநாள் எஸ்தருக்கு மாங்காய் ஊறுகாய் கொண்டு வந்தவர், மேசை மேல் பின்னி முடித்திருந்த ஸ்டாக்கிங்கைப் பார்த்துவிட்டார். வழியனுப்ப நானும் வெளியே போனேன். காருக்குப் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பொறக்காத பிள்ளைக்கு யாராச்சும் சாமான் செஞ்சு வெப்பாங்களா? அதுவும் ரெண்டு போன பிறகு? நீ சாமி மாறுனது உன் இஷ்டம்லா. இது சாமி விஷயம் இல்ல, கண்ணு விஷயம்."

சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறவனுக்கு அந்த வார்த்தை போதும். மறுநாள் காலை எஸ்தருக்குத் தெரியாமல் அந்த ஸ்டாக்கிங்கை டிராக்டர் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். குரோஷே பின்னலுக்கு ஒரு குணம் உண்டு. கடைசி முடிச்சை அறுத்துவிட்டால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். அவள் மூன்று வாரம் பின்னியதை ஒரு கிளாஸ் தே ஆறுவதற்குள் பிரித்துவிட்டேன். நூலைச் சுருட்டி டிராக்டர் சீட்டுக்கு அடியில் ஸ்பானர் வைக்கிற சாவிப் பெட்டிக்குள் போட்டேன். பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாக அப்போது நினைப்பு. அவள் தேடியபோது, "எங்கயாச்சும் வெச்சிருப்ப" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரமே அவளுக்குக் கால் வீங்கியது, தலைவலி. கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி அங்கிருந்தே ஆம்புலன்ஸ் கூப்பிட்டார். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மாலையே வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் பிள்ளை. இருபத்தொன்பது வாரம்தான். எஸ்தருக்கு அழுத்தம் இறங்காததால் அவளை ஒரு வார்டில் வைத்தார்கள், பிள்ளையை வேறு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நான் இரண்டு மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் நின்றுகொண்டு யோசிக்கிறேன். பின்னியது தப்பா, பிரித்தது தப்பா? பின்னியதால் கண் பட்டதா, இல்லை, அவள் விசுவாசத்தை நான் கையால் பிரித்துப் போட்டதால் இப்படி ஆனதா? அக்காவிடம் கேட்கவும் வெட்கம், பாஸ்டரிடம் கேட்கவும் வெட்கம்.

பிள்ளைக்கு ரூத் என்று பெயர் வைத்தோம். முதல் வாரத்துக்குப் பிறகு மூச்சு மெஷினை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விட்டாள். ஆனால் திடீரென்று நிறுத்திவிடுவாள். மார்பு ஏறாது, உதடு நீலமாகும், அலாரம் அடிக்கும். மலாய்க்கார மிஸ்ஸி ஓடி வந்து உள்ளங்காலில் விரலால் சுண்டுவார். பிள்ளை துள்ளி மறுபடி மூச்சை இழுப்பாள். முதல் தடவை அதைப் பார்த்து, என்ன ஆச்சு என்று தமிழிலேயே கத்திவிட்டேன். மிஸ்ஸி என்னைப் பார்த்து, "பேபி லுப்பா நாபாஸ், அபாங்" என்றார். பிள்ளை மூச்சு விட மறந்துவிட்டதாம். ஒரு மனுஷப் பிள்ளை எப்படி அதைப் போய் மறக்கும்?

டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். ஏழு நாள் தொடர்ந்து அலாரம் அடிக்காமல் இருந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். நடுவில் ஒரு முறை அடித்தாலும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

நான் ஜெபித்தேன். பெட்டிப் பக்கத்தில் நின்று, மோட்டார் சைக்கிளில் போகும்போது, டிராக்டரில் குலை ஏற்றும்போது ஜெபித்தேன். "அவளுக்கு ஞாபகப்படுத்துங்க ஆண்டவரே" என்பதுதான் ஒரே ஜெபம். ஒரு வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தேன். அன்றைக்கு மூன்று தடவை அலாரம் அடித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஜெபிக்கிறது உங்களுக்குக் கேட்குதா, இல்ல தொந்தரவா இருக்கா?" என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்டேன். உண்மையைச் சொல்லத்தானே சாட்சி.

எஸ்தர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்த ஸ்டாக்கிங்கைக் கேட்டாள். "ஏதாச்சும் சின்னத் துணிய என் சட்டைக்குள்ள வெச்சிருந்து பிள்ளை பக்கத்துல வைக்கலாமாம், என் வாசன தெரியுமாம், மிஸ்ஸி சொன்னாங்க. அந்த ஸ்டாக்கிங்க கொண்டாங்க. இந்த வருஷமே பொறந்திட்டா, மரத்துலயும் கட்டணும்."

வீட்டில் காணவில்லை என்று இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அக்கா சொன்னது, கொட்டகை, சாவிப் பெட்டி எல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிறகு, "பிரிச்சது நீங்கதானே? பின்றதும் நீங்கதான்" என்றாள்.

பழைய நூலில் டீசல் நாற்றம். புதிதாகப் பருத்தி நூல் வாங்கினேன். செம்பனைக் குலையைத் தூக்கிப் போடுகிற விரலுக்குள் அந்த ஊசி நிற்கவே மாட்டேன் என்றது. இருபத்து நான்கு கண்ணி போடுங்கள் என்பாள். முதல் சுற்றில் இருபத்தாறு வரும், அடுத்த சுற்றில் இருபத்திரண்டு. இரண்டு கண்ணி எங்கே பிறந்தது, நான்கு கண்ணி எங்கே செத்தது என்று எனக்குத் தெரியாது. "உங்க ஸ்டாக்கிங் மூச்சு வாங்குது பாருங்க, ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் ஒட்டி" என்று அவள் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அவள் வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவள் உள்ளே பிள்ளையோடு இருப்பாள், நான் வெளியே நாற்காலியில் பின்னுவேன், பின்னிக்கொண்டே ஜெபிப்பேன்.

டிசம்பர் பிறந்தது. ஒருமுறை ஆறு நாள் வரை அலாரம் இல்லாமல் வந்துவிட்டாள். தொட்டில் வாங்கக்கூடப் போனோம். ஆறாம் நாள் சாயங்காலம் அடித்தது. திரும்ப ஒன்று. அன்றைக்கு எனக்கு ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. எஸ்தர்தான் ஜெபித்தாள், நான் ஆமென் மட்டும் சொன்னேன், அதுவும் ஒப்புக்கு.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை. ஸ்டாக்கிங் கணுக்கால் வரை முடிந்து குதிகாலைத் திருப்ப வேண்டிய இடம். அதுவரை வட்டமாகச் சுற்றி வந்தவன், அங்கே பாதிக் கண்ணிகளில் மட்டும் போய் வந்து போய் வந்து ஒரு மடிப்புக் கட்டி, மூலையைத் திருப்பி, மறுபடி வட்டத்தில் சேர வேண்டும். காலையில் உட்கார்ந்தேன். நான்கு தடவை பிரித்தேன். எண்ணிக்கை தப்பும், முதலிலிருந்து வருவேன். சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை. ஐந்தாவது தடவை மூலை திரும்பியது. கோணல்தான், ஆனால் குதிகால். நிமிர்ந்து பார்த்தால் சாயங்காலம். அப்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. அப்பன் என்று இருக்கிறவன் மறக்கிற காரியமா அது?

பயந்துபோய் உள்ளே ஓடினேன். மிஸ்ஸி சிரித்தார். "ஹரி நி சென்யாப், அபாங்." இன்றைக்குச் சத்தமே இல்லை என்றார். பிள்ளை எஸ்தரின் மார்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகு ஏறி இறங்கியதை நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

மறுநாளும் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இப்போது எனக்குப் புதுப் பயம். நான் ஜெபித்தால் அலாரம் அடித்துவிடுமோ? எஸ்தரிடம் மெல்லச் சொன்னேன்.

"ஜெபம் என்னா சுவிட்சா, நீங்க தட்டுனா எரியறதுக்கும் அணையறதுக்கும்?" என்றாள். "நீங்க கேட்டத எல்லாம் அவரு எப்பவோ கேட்டுட்டாருங்க. பயப்படாம பேசுங்க."

ஏழு நாள் முடிந்தது. கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் ரூத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம். மூளை வளர்ந்ததும் இந்த மறதி தானாகப் போய்விடும், மருந்தும் உதவியது என்றார் டாக்டர். அவர் சொன்னது உண்மைதான். அதே அறையில் இருந்த இன்னொரு பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. அந்த அம்மாவும் தினம் கையேந்தினாள், என் கண்ணால் பார்த்தேன். அது ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேச மாட்டேன்.

நான் கத்தினபோது கர்த்தர் மௌனமாக இருந்தார். நான் மறந்து உட்கார்ந்திருந்த நாளில் என் பிள்ளையின் மூச்சை அவர் கவனித்துக்கொண்டார். இதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவரிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். எஸ்தரிடம் மறைப்பதையும் விட்டுவிட்டேன். அக்காவிடமும் நடந்ததைச் சொன்னேன், "உன் நல்லதுக்குத்தான்லா சொன்னேன்" என்று அழுதுவிட்டார். கிறிஸ்மஸ் ஆராதனையில் ரூத்தின் பெயரை வாசித்தபோது நான் போய் அந்தக் கோணல் ஸ்டாக்கிங்கை அவிழ்த்தேன். சபையே சிரித்தது, நானும் சிரித்தேன்.

குழப்பத்தோடு இருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதினேன். தெளிந்த பிறகு அவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நம்புகிறதற்கு முன்னால் புரிய வேண்டும் என்றால் நான் இன்னும் படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருப்பேன். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சும்மா போய் நில்லுங்கள்.

இதை எழுதும்போது ரூத் உள்ளே பசிக்குக் கத்திக்கொண்டிருக்கிறாள். எஸ்தர் பால் கலக்குகிறாள். பக்கத்து வீட்டு வரைக்கும் கேட்கும், அப்படி ஒரு தொண்டை. போய்த் தூக்கலாம்தான். இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.