மருந்து குடிக்கணும் போல இருக்கு

என் படிப்புக்கு முதல் ஆளை நான் தெருக்குழாயடியில் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு நல்ல வார்த்தை போட்டு என்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்போது விருப்பமில்லை.

மனநல ஆலோசகர் ஆவதற்கான முதுகலைப் படிப்பு அது. இரண்டாயிரமாவது ஆண்டுகளின் பின்பாதி. எங்கேயோ தூரத்து ஊரிலிருந்து இண்டர்நெட் வழியாகவே எல்லாம் நடந்தது. கட்டுரை அனுப்பலாம், பரீட்சை எழுதலாம், முகம் தெரியாத சக மாணவர்களுடன் வாரம் இரண்டு தரம் எழுத்திலேயே சண்டை போடலாம். ஆனால் கடைசிப் பருவத்தில் நிஜமான மனுஷர் ஒருவரிடம் முப்பது மணி நேரம் பேச வேண்டும். அதைப் பதிவு செய்து, வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதி, மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில் மனுஷருக்கா பஞ்சம்? மனசு சரியில்லை என்று ஒப்புக்கொள்கிற மனுஷருக்குத்தான் பஞ்சம். அம்மாவிடம் சொன்னபோது அவள் மீன் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "ஊரு வம்பு கேக்குறதுக்கு ஒரு டிகிரியா? நம்ம வரிசை வீடுகள்ல எல்லாவளும் படிக்காமலே அதைத்தானே செய்யுறாளுக" என்றாள். அக்கம்பக்கத்தில் "பிராந்து பிடிச்சவங்களைப் பாக்குற படிப்பு" என்று பேர் வைத்துவிட்டார்கள். பிராந்து என்றால் மலையாளத்தில் பைத்தியம். அப்புறம் யார் வந்து என் முன்னால் உட்காருவார்கள்? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

என் தாத்தாவின் அப்பா முனிசிபாலிட்டி வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். எங்கள் வரிசை வீடுகளில் எல்லாருமே அப்படி வந்தவர்களின் பிள்ளைகள்தான். வீட்டில் தமிழ் பேசுவோம். அதை எந்தத் தமிழ் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். அப்போது எனக்குத் தமிழில் பஸ் பலகை கூட வாசிக்கத் தெரியாது. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கின் ஆபீசில் கடிதம் டைப் அடிக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் வகுப்பு. பக்கத்து அறையில் மிளகாய் மூட்டை பிரித்தால் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகும். மேற்பார்வையாளர் அம்மா திரையில் என்னைப் பார்த்து, இந்தப் பாடம் உன்னை மிகவும் பாதிக்கிறதா என்று பரிவோடு கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். இந்தியும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த அவரிடம் மிளகாயை யார் விளக்குவது?

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். விருதுநகர்ப் பக்கம் மழையை நம்பி விதைக்கிற ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் பஜாரில் அரிசி மூட்டை இறக்குகிறவர். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அது நடந்து ஒரு வருஷமாகியும் அவள் குழாயடியில் குடம் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்பாள். மலையாளம் வராது. வாயைத் திறந்தால் மற்றப் பெண்கள், மலையாளிகள் தமிழர்களைக் கேலி பேசுகிற மாதிரி, "பாண்டி" என்று சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களின் பேத்திகள்! என்னவோ கொச்சி ராஜா வீட்டுப் பெண்கள் மாதிரி.

ஒரு நாள் நான் குழாயை மூடிவிட்டு அவளிடம், "அக்கா, சனியாழ்ச்ச வீட்டுக்கு வாங்களேன், சாயா குடிச்சுக் கொஞ்சம் வர்த்தமானம் சொல்லலாம்" என்றேன்.

"என்னது, வர்த்தமானமா?"

"பேசிட்டிருக்கலாம்னு சொன்னேன்."

அவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். "ஏ பிள்ள, நீ பேசுறது தமிழா, வேற எதுவுமா?" என்றாள். ஆனால் வந்தாள். இது என் படிப்புக்காக, பேசுவது செல்போனில் பதிவாகும் என்று சொன்னேன். "பதிவாகட்டும். என் பேச்சையும் கேக்க ஒரு ஆளு இருக்குல்ல" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அம்மா வேலைக்குப் போகும் சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்தோம்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்: எதிரே இருப்பவர் சொன்ன வார்த்தையையே எடுத்து அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இடையில் புகுந்து பேசக் கூடாது. அறிவுரை கூடாது. போலீஸ்காரர் மாதிரி குடைந்து குடைந்து கேட்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் நான் இதை மீறினேன். அவள் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. "ஏனம்னா என்ன அக்கா?" என்று கேட்டேன். "அடி ஆத்தே, ஏனம் தெரியாதா? பாத்திரம்டி! நீயெல்லாம் தமிழ்ப்பிள்ளைன்னு வெளிய சொல்லாத" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கேலிதான், அன்பான கேலி. எனக்கோ சுருக்கென்று தைத்தது. எம்.எஸ்ஸி. படிக்கிறவள் நான், என் வீட்டுப் பாஷையை எனக்கு ஒருத்தி சொல்லித் தருவதா? மூன்றாம் வாரத்திலிருந்து புரியாத இடத்தில் "ம்" கொட்டினேன். புத்தகத்திலும் அதைத்தானே சொல்லியிருக்கிறது என்று சமாதானம் வேறு.

அவள் குழந்தையைப் பற்றிப் பேசினாள். அதன் இடது காதோரம் இருந்த மச்சத்தைப் பற்றி மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினாள். புருஷன் அடிப்பதில்லை, குடிப்பதில்லை, ஆனால் குழந்தை பேரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்றாள். தூக்கமில்லை, பசியில்லை. டாக்டரைப் பார்க்கலாமா என்று நான் ஜாடையாகச் சொன்னபோதெல்லாம், "எனக்கென்ன கிறுக்கா?" என்று தட்டிவிட்டாள். மேற்பார்வையாளர் ஒவ்வொரு வாரமும் எழுதினார்: சிகிச்சை ஏற்கும் மனநிலைக்கு அவரை மெதுவாகக் கொண்டு வா.

ஒன்பதாவது சனிக்கிழமை அவள் சாயாவைத் தொடவே இல்லை. ஆற வைத்த சாயாவில் ஆடை படர்ந்துவிட்டது. பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"மருந்து குடிக்கணும் போல இருக்கு, தாயி."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பது வாரம்! முறைப்படி அவள் வார்த்தையையே திருப்பிச் சொன்னேன். "மருந்து குடிச்சா எல்லாம் சரியாயிரும்னு தோணுது, இல்லையா அக்கா?"

"ஆமா. ஒரேயடியா நிம்மதி."

"நல்ல காரியம் அக்கா. இதுக்கு எதுக்குப் பயம்? எத்தனையோ பேர் குடிக்கிறாங்க."

அவள் நிமிர்ந்து என்னை உற்றுப் பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமா அக்கா. இனியும் தாமசிக்க வேண்டாம்."

"எங்க வீட்டுக்காரருகிட்ட..."

"அது உங்க தீருமானம். சொல்லணும்னு தோணினா சொல்லுங்க, இல்லன்னா வேண்டாம்." அவரவர் முடிவை அவரவரிடமே விட வேண்டும் என்பது நாலாவது பாடம்.

அவள் எழுந்து என் கன்னத்தைத் தடவினாள். "நீ நல்ல பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அங்கே டாக்டர் கொடுப்பதும் மருந்துதான், பயிருக்கு அடிக்கும் விஷமும் மருந்துதான். கஷ்டப்பட்ட ஒருத்தி மருந்து குடிக்கணும் போல இருக்கு என்றால் சின்னப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மருந்து என்றால் இருமலுக்குக் குடிப்பது. மட்டாஞ்சேரியில் வயல் ஏது, மருந்து அடிக்க?

திங்கட்கிழமை அதை ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினேன். மெடிசின் என்று போட்டேன். அடிக்கும்போது சிரித்துக்கொண்டே அடித்தேன் என்பதும் நினைவிருக்கிறது. நாசமாய்ப் போன சிரிப்பு.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் புருஷன் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது. மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, எம் பொண்டாட்டி மருந்து குடிச்சுட்டா."

"நல்லதாச்சு சேட்டா!" என்றேன். "எந்த டாக்டரைப் பாத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என் எதிரிக்குக்கூட நான் விரும்ப மாட்டேன். பிறகு, தமிழில் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, மலையாளத்தில் சொன்னார்: "விஷம். அவள் விஷம் குடிச்சு."

மலையாளத்தில் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை எர்ணாகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அங்கே டாக்டரிடம் பேச, எழுதிக் கொடுக்க, படித்த ஆள் வேண்டும் என்று என்னைத் தேடி வந்திருக்கிறார். ஆட்டோவில் வழி நெடுக அவர், "உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா தங்கச்சி? உன்கிட்டதானே பேசுவா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் இல்லை என்றேன். ஆம், பொய் சொன்னேன். பயந்துபோய்ப் பொய் சொன்னேன்.

டாக்டர்கள் மூன்று நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த மூன்று நாளும் நான் வேண்டாத சாமியில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன். பிழைத்தால் என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவாளோ என்ற நினைப்பும் கூடவே எட்டிப் பார்த்தது. அந்த நினைப்புக்காக என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரின் குறிப்பு வந்தது. மிகச் சிறந்த உரையாடல், பிறர் பார்த்துக் கற்றுக்கொள்ள வகுப்பில் பகிர்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். நடந்ததையெல்லாம் நான் எழுதி அனுப்பினேன், ஒன்றையும் மறைக்கவில்லை. மறுநாள் பதில் வந்தது. வருந்துகிறேன், மொழிபெயர்ப்பில் இப்படி நேர்வதுண்டு, பண்பாட்டு வேறுபாடுகள் பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி இணைத்துவிடு, மதிப்பெண் பாதிக்காது. என்ன பண்பாடு, என்ன வேறுபாடு! அவளும் தமிழ், நானும் தமிழ். நான் அந்தக் கட்டுரையை எழுதவில்லை. பட்டமும் வாங்கவில்லை. தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொள்ள ஒரு நோட்டு வாங்கியது மட்டும் அந்த வருஷம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பேசுகிற நிலைக்கு வந்துவிட்டாள் என்றார்கள். புருஷன் சாயா வாங்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து நான் கட்டிலருகே போனேன். உதடு வெந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவருகிட்ட ஒண்ணும் சொல்லல. நீ பயப்படாத" என்றாள். குரல் உள்ளேயிருந்து அரைத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, நான்... டாக்டர் தர்ற மருந்துன்னு நெனச்சேன் அக்கா. சத்தியமா. எனக்கு அந்த அர்த்தம் அறியாது."

அவளுக்கு விளங்க நேரம் பிடித்தது. கண் மட்டும் என் முகத்தில் இங்கும் அங்கும் அலைந்தது.

"அப்ப, நீ என்னையப் போகச் சொல்லலையா?"

"இல்ல அக்கா."

"நான் போனா நல்லதுன்னு சொல்லலையா?"

"இல்ல அக்கா, இல்ல."

அவள் என் கையை விட்டுவிட்டாள். கூரையில் சுற்றுகிற மின்விசிறிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, யாரோ ஒருத்தியிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"என்ன மருந்துன்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் அங்கனயே உன் மடியில விழுந்து அழுதிருப்பேனே, தாயி."