எட்டு வீரர்களும் ஒரு கிராணியும்

தலைவராவதற்கென்றே பிறந்தவர் அந்தோனி குலசிங்கம் என்று நம்பிய மனிதர் கெடா மாநிலத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் அந்தோனி குலசிங்கம். பிற்காலத்தில் கூலிம் காப்பிக்கடையில் உட்கார்ந்து இதை அவரே சொல்லி, மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார்.

பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை முழுக்க அவருடையது. ஜப்பான்காரன் வருகிறான் என்று தெரிந்ததும் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறித் தெற்கே ஓடினார். ஓடுகிற அவசரத்தில் சாவிக்கொத்தைக் குலசிங்கத்தின் கையில் திணித்தார். ஏதோ செங்கோலைக் கொடுத்ததுபோல இவர் குனிந்து வாங்கிக்கொண்டார். துரைக்கு அதைப் பார்க்கக்கூட நேரமில்லை.

தலைமைக்கு வேண்டிய படிப்பு தன்னிடம் இருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார். இளவயதில் பினாங்கில் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து எட்டு மாதம் இருந்தவர் அவர். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் எல்லாரும் கூடத்தில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து அந்த வாரம் தான் செய்த பிழையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மடத்தின் தலைவர்தான் முதலில் சொல்லுவார். "சமையல்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், என் பிழை" என்று அந்தக் கிழவர் தலைகுனிந்து நிற்பார். குலசிங்கத்தின் முறை வந்தால், "சகோதரர் மிக்கேல் காலை ஜெபத்தில் குறட்டை விட்டார், அதை உடனே வந்து சொல்லாமல் விட்டது என் பிழை" என்பார். இப்படி எட்டு மாதம் ஊரார் பிழையையெல்லாம் ஒப்புக்கொண்டார். ஒன்பதாம் மாதம் அவருடைய டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டார்கள்.

மடத்தில் கற்காததைக் கதைப் புத்தகங்களில் கற்றார். மதராஸிலிருந்து கப்பலில் பாகம் பாகமாக வரும் வீரக்கதை ஒன்றில் அவருக்கு உயிர். அமரகேது என்ற இளவரசனும் அவனுடைய ஏழு தோழர்களும் இடுப்பில் கை வைத்து நின்று பேசினால் சேனையே மெய்சிலிர்க்கும். எட்டுப் பேரிடமிருந்தும் குலசிங்கம் கற்றுக்கொண்டது இடுப்பில் கை வைப்பதை மட்டும்தான்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ண, எல்லாரும் வரிசையில் நிற்கும்போது அவர் அப்படி நின்று பிரசங்கம் செய்வார். சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி ராமையா தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, அதே பிரசங்கத்தைத் திரும்பச் செய்வான். சனங்கள் சிரிக்கிற சத்தம் கிராணி வீடு வரைக்கும் கேட்கும். குலசிங்கம் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே புழுங்குவார்.

ரப்பர் வெட்டு நின்றுபோய், தோட்டமே மரவள்ளியில் உயிர்வாழ்ந்த காலம் அது. கிழங்கு திருட்டுப் போனது. குலசிங்கத்துக்கு மடத்து ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டி, அவரவர் பிழையை அவரவர் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ராமையாவின் பெண்சாதி மருதம்மாள் எழுந்தாள். ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிறவள் அவள்.

"நீங்க மொதல்ல சொல்லுங்கய்யா. பெரியவங்க சொன்னாத்தானே நாங்க சொல்ல முடியும்."

குலசிங்கம் நெஞ்சில் கை வைத்தார். "உங்களையெல்லாம் அளவுக்கு மிஞ்சி நம்பினது என்ர பிழை" என்றார்.

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் இன்னும் இரண்டு பாத்தி கிழங்கு காணாமல் போயிருந்தது.

நாற்பத்து மூன்றில் அந்த உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட எட்டு ஆள் வேண்டும், பெயர்களை எழுதி வை, ஒரு வாரத்தில் லாரி வரும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. சயாம் என்ற சொல்லைக் கேட்டாலே பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

குலசிங்கம் மேசை முன்னால் உட்கார்ந்தார். பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. ராமையா, பழனியாண்டி என்று பத்து நிமிஷத்தில் எட்டுப் பெயரும் வந்துவிட்டன. தன் வேகத்தை மெச்சிக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தார். அத்தனை பேரும் லயத்தில் தன்னைக் கேலி செய்து சிரித்தவர்கள். எட்டாவது பெயர் அய்யாவு. அவன் சிரித்தது ஒரே ஒரு தடவை. அவன் பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. காகிதத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு வேறொரு தாளை எடுத்து அமரகேதுவையும் ஏழு தோழர்களையும் வரிசையாக எழுதினார். தோட்டத்து ஆட்களாகத் தெரிய வேண்டுமே என்று அமரகேதுவுக்கு முனியன் என்று தகப்பன் பெயர் போட்டார். லாரி வருகிற அன்று எட்டுப் பேரும் ஓடிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கதைகளில் இந்த மாதிரித் தந்திரம் பலிக்காமல் போனதே கிடையாது.

லாரி வந்தது. ஜப்பானிய அதிகாரி இறங்கினான். கூட, கூலிமிலிருந்து தர்மலிங்கம் என்ற மொழிபெயர்ப்பாளர். தோட்டத்துச் சனம் முழுக்கப் பெரட்டுக் களத்தில் நின்றது. தர்மலிங்கம் படித்தார்.

"அமரகேது, முனியன் மகன்."

ஒருவரும் அசையவில்லை.

"சிம்மதத்தன், காத்தான் மகன்."

மூன்றாவது பெயரில் அவருடைய குரல் நின்றுவிட்டது. தாளுக்கு மேலாகக் குலசிங்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, இந்த இடிமுழக்கன் மூணாம் பாகத்துலயே செத்துட்டானே?"

தோட்டத்துக்கும் கூலிமுக்கும் ஒரே கப்பலில்தான் புத்தகம் வரும் என்பது குலசிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"எட்டும் ஓடிருச்சுன்னு நான் சொல்லிப்புடுறேன்" என்றார் தர்மலிங்கம். "ஆனா விட்டது யாருன்னு கேப்பான். ஆள் எண்ணுறது கங்காணிதானே? அவனைக் கைகாட்டிருங்க. இல்லேன்னா எனக்கும் சூசா, உங்களுக்கும் சூசா, ரெண்டு பேருக்கும் அடிதான்."

அவர் போய் ஏதோ சொன்னார். அதிகாரி கத்தினான். "யார் பொறுப்புன்னு கேக்குறாரு" என்றார் தர்மலிங்கம், உரக்க.

பத்தடி தூரத்தில் ராமையா நின்றான். கண்ணை எடுக்காமல் குலசிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குலசிங்கத்தின் வலதுகை, விரலோடு சேர்ந்து, பழக்கதோஷத்தில் அவன் பக்கமாகத் தானாகவே எழும்பிவிட்டது. இதை அவர் காப்பிக்கடையில் ஒருநாளும் மறைத்ததில்லை. பாதியில் அதை இழுத்துத் தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டார்.

"நான்தான். என்ர பிழை."

முதல் அறையில் கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் அவரே விழுந்தார். உச்சி வெயில் வரைக்கும் தலைக்குமேல் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கவைத்தார்கள். மூன்று தடவை கீழே போட்டார். எந்த வீரனும் கல்லைக் கீழே போட்டதாக அவர் படித்ததில்லை. எந்த வீரனும் அப்படி வாய்விட்டு அழுததாகவும் படித்ததில்லை. கடைசியில், சயாம் முகாமுக்கு எழுத்து வேலைக்கு ஓர் ஆள் தேவை, எட்டுக்குப் பதிலாக நீ ஏறு என்றார்கள்.

துணிமூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவன் ராமையா. வாங்கும்போது குலசிங்கத்துக்கு மனம் கேட்கவில்லை.

"ராமையா, உமக்கு ஒண்டு சொல்ல வேணும். நான் முதல் எழுதின லிஸ்ட்டில உம்மட பேர்தான் முதலாவது."

"தெரியும்யா. நீங்க கிழிச்சுப் போட்டதைக் கூட்டி அள்ளுனது மருதம்மா. அவளுக்குத்தான் படிக்கத் தெரியாது. நான் ஒட்டவெச்சுப் படிச்சேன்."

"தெரிஞ்சுமோ இஞ்ச நிண்டனீர்? காட்டுக்குள்ள ஓடியிருக்கலாமே."

"கிழிச்சுட்டு மறுபடி எந்த லிஸ்ட்டை நீட்டப்போறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதே. ஓடிட்டவன் பேரைச் சொல்றது லேசுய்யா. மூஞ்சிக்கு எதிர்ல நிக்கிறவனைச் சொல்றதுதான் கஷ்டம். அதான் எட்டுப் பேரும் பேசி வெச்சு முன்வரிசையில நின்னோம்."

"அய்யாவுமோ?"

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னானே, பாக்கலையா?"

குலசிங்கம் பார்க்கவில்லை. தன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்க அன்று அவருக்கு நேரமில்லை. லாரி கிளம்பியதும் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் யார் யாரென்று தெரியவில்லை. முன்வரிசையை ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எட்டு உருவங்களும் நின்ற இடத்திலேயே நின்றன.